படி யார் கையில்? அச்சு நூலிலிருந்து மின்னூலுக்கு

1. பொருளும் துணிபும்

அச்சு நூலிலிருந்து மின்னூலுக்கு மாறுவதைப் பற்றித் தமிழில் நடைபெறும் விவாதம் பெரும்பாலும் தாளின் மணம், திரையின் ஒளி, விலை, எடை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. இவை வாசகரின் பழக்கத்தையும் வசதியையும் சார்ந்தவை. தலைமுறை மாற்றத்தாலும் கருவிகளின் மேம்பாட்டாலும் காலப்போக்கில் தாமாகவே தீரக்கூடியவை. தீராமல் நிற்கக்கூடிய வினா வேறொன்று உண்டு. விலை கொடுத்துப் பெற்ற நூல் யாருடைய கையில் இருக்கிறது, அதை வாங்கியவர் நண்பருக்குக் கொடுக்கவும், தம் மக்களுக்கு விட்டுச் செல்லவும், ஊர் நூலகத்துக்கு வழங்கவும், இரண்டு தலைமுறைக்குப் பின் ஓர் ஆய்வாளர் எடுத்துப் படிக்குமாறு காத்து வைக்கவும் இயலுமா என்பதே அவ்வினா.

இச்சொற்பொழிவு அவ்வினாவை மையமாகக் கொண்டது. மின்னூல் தமிழுக்கு இன்றியமையாதது என்பதை இது ஏற்கிறது. அச்சு நூலோடு சேர்ந்து வாசகருக்கும் நூலகத்துக்கும் கிடைத்திருந்த உரிமைகள் மின்னூலோடு தாமாக வந்து சேரமாட்டா என்பதையும், அவற்றைச் சட்டத்தாலும் தொழில்நுட்பத் தெரிவாலும் முயன்றே கொண்டுவர வேண்டும் என்பதையும் நிறுவ முற்படுகிறது. இங்குப் 'படி' என்பது ஒரு நூலின் தனிப் பிரதியைக் குறிக்கும். அது ஓலைச்சுவடியாகவோ அச்சுப் புத்தகமாகவோ கணினிக் கோப்பாகவோ இருக்கலாம்.

2. ஏட்டிலிருந்து அச்சுக்கு

தமிழ் நூல்கள் இத்தகைய பெருமாற்றம் ஒன்றை முன்னரே கடந்து வந்துள்ளன. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சேறியது. ஆயினும் பண்டை இலக்கியங்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்து சேர மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின. கும்பினி ஆட்சிப்பகுதியில் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகளை 1835ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பின்னர்த் தமிழகத்தவர் அச்சகங்களைப் பரவலாகத் தொடங்கினர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1849இல் அச்சகம் நிறுவினார், சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்.

இப்பதிப்புகள் எவ்வாறு இயன்றன என்பது இன்றைய விவாதத்துக்கு நேரடியாகப் பயன்படும் செய்தியாகும். ஒரே நூலின் படிகள் திருமடங்களிலும், கவிராயர் வீடுகளிலும், புலவர் குடும்பங்களிலும் சிதறிக் கிடந்தன. ஒரு சுவடியில் செல்லரித்துப் போன இடம் மற்றொரு சுவடியில் முழுமையாக இருந்தது. ஒவ்வொரு சுவடியும் அதை வைத்திருந்தவரின் உடைமையாக இருந்ததால், அவர் மனம் இசைந்தால் அதைக் கொடுத்துவிடலாம், பெற்றவர் ஒப்புநோக்கிப் பெயர்த்து எழுதிக்கொள்ளலாம். இதற்குத் தலைமை அலுவலகம் ஒன்றின் இசைவு தேவைப்படவில்லை. படிகள் குறைந்துபோன நூல்களின் நிலையோ வேறாயிற்று. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்கவில்லை. பரிபாடலின் எழுபது பாடல்களில் 22 மட்டுமே முழுமையாகக் கிடைத்தன. வளையாபதியும் குண்டலகேசியும் பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட சில பாடல்களாக மட்டுமே எஞ்சின.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒரு நூலின் ஆயுள் அதன் படிகள் எத்தனை தனித்தனிக் கைகளில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்பது முதலாவது. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடைக்காலமே நூல்களுக்குப் பேராபத்தான காலம் என்பது இரண்டாவது. ஏனெனில் அச்சு நிலைபெற்றதும் ஏடெழுதும் வழக்கம் நின்றது, அதன்பின் பெயர்த்தெழுதப்படாமல் விடப்பட்ட ஓலைகள் தம் இயற்கை ஆயுளோடு முடிந்தன. தமிழ் நூல்கள் இப்போது அத்தகைய இடைக்காலம் ஒன்றில் மீண்டும் நிற்கின்றன.

3. மின்னூலின் மூன்று வடிவங்கள்

மின்னூல் என ஒரே பெயரால் அழைக்கப்படுபவை தம்முள் மூன்று வகைப்படும்; இவ்வேறுபாட்டை அறியாமல் மின்னூலின் நன்மை தீமைகளை எடைபோட இயலாது. முதலாவது படக்கோப்பு. அச்சு நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் மின்வருடியால் படம்பிடித்துத் தொகுத்தது இது. இதில் எழுத்து இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும் கணினியைப் பொறுத்தவரை அது கறுப்பும் வெளுப்புமான புள்ளிகளின் பரப்பு மட்டுமே. ஒரு சொல்லைத் தேடவோ, எழுத்தைப் பெரிதாக்கி வரிகளை மீள அமைக்கவோ, ஒலியாகக் கேட்கவோ அதில் இயலாது. இரண்டாவது நிலைப்பக்கக் கோப்பு. அச்சகத்துக்கு அனுப்ப அமைத்த பக்கங்களையே பிடிஎஃப் வடிவில் தருவது இது. பக்க அமைப்பு சிதையாது, ஆனால் கைபேசித் திரையில் ஒவ்வொரு வரியையும் இடவலமாக நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது நெகிழ்பக்கக் கோப்பு. இ-பப் என வழங்கும் பொதுத்தரம் இவ்வகையைச் சார்ந்தது. 2007இல் தரமாக ஏற்கப்பட்ட இவ்வடிவத்தினுள், இணையப் பக்கங்களுக்குப் பயன்படும் அதே குறிமொழியில் எழுதப்பட்ட இயல்கள், எழுத்தின் அளவையும் ஓரத்தையும் வரையறுக்கும் நடைத்தாள், இயல்களின் வரிசையைக் கூறும் பட்டியல் ஆகியன ஒரே பொதியாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். திரையின் அகலத்துக்கும் வாசகர் தேர்ந்த எழுத்தின் அளவுக்கும் ஏற்ப வரிகள் தாமே மீள அமைவதால் பக்கம் என்பது நிலையானதாக இராது.

இந்நெகிழ்ச்சி உரைநடைக்கு நன்மை. செய்யுளுக்கோ தனிக் கவனம் வேண்டும். ஆசிரியப்பாவின் நாற்சீரடி ஆறு அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கியவுடன் மூன்றாம் சீரோடு முறிந்து, நான்காம் சீர் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அதைப் புதிய அடி என்று வாசகர் கொள்ளாதிருக்க, முறிந்த பகுதி உள்தள்ளி நிற்குமாறு நடைத்தாளிலேயே விதித்தல் வேண்டும். புள்ளியெழுத்து ஒரு வரியின் தொடக்கத்தில் வாராது என்பது தமிழ் அச்சுக்கோப்பாளர் வழுவாது காத்த நெறி. படிப்புக் கருவியின் மென்பொருள் அந்நெறியை அறிந்திராவிடில் வரி 'க்' என்றோ 'ந்' என்றோ தொடங்கிவிடும். மூலத்தைப் பெரிய எழுத்திலும், உரையைச் சிறிய எழுத்திலும், பாடவேறுபாட்டைப் பக்கத்தின் அடியிலும் அமைத்த பழம்பதிப்புகளை நெகிழ்பக்கக் கோப்பாக்கும்போது, மூவகைப் பகுதிகளையும் தனித்தனியே குறித்து இணைப்புகளால் பிணைக்க வேண்டும். இல்லையெனில் உரையாசிரியர் சொல்லும் பதிப்பாசிரியர் சொல்லும் ஒன்றாய்க் கலந்துவிடும். பக்க எண்ணைக் கொண்டே மேற்கோள் காட்டும் ஆய்வுலகின் தேவைக்காக, அச்சுப் பதிப்பின் பக்க எண்களைக் கோப்பினுள் பதித்து வைக்கும் வசதி இ-பப் தரத்தில் உள்ளது. தமிழ்ப் பதிப்பாளர் அதைப் பயன்படுத்தினால் அச்சுப் பதிப்பையும் மின்பதிப்பையும் ஒரே மேற்கோளால் சுட்ட இயலும்.

4. எழுத்தும் குறியேற்றமும்

கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி அவ்வெண்ணையே சேமிக்கிறது. இவ்வொதுக்கீட்டு முறைக்குக் குறியேற்றம் என்று பெயர். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறித் தரத்தில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் அத்தரம் நடைமுறைக்கு வரும்முன் தமிழ் அச்சுத் தொழில் வேறு வழியில் சென்றுவிட்டது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் தட்டச்சகங்களில் பரவின. பாமினி எழுத்துருவில் அமைத்த கோப்பில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த பொருளற்ற தொடராகவே இருக்கும்; அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அத்தொடரே வெளிப்படும். இக்குழப்பத்தைத் தீர்க்கத் திஸ்கி என்னும் குறியேற்றம் உருவாயிற்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே தாப், தாம் என்னும் குறியேற்றங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றமான டேஸ் 16 என்பதையும் ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியான நூல்களின் பக்க அமைப்புக் கோப்புகளில் மிகப் பல பழைய எழுத்துருக்களிலேயே முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் மின்னூலாக்க முடியாது.

ஒருங்குறிக்கு வந்த பின்னரும் பிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடுவதுண்டு. 'கௌரவம்' என்னும் சொல்லின் முதலெழுத்தை ஔகாரக் குறியோடு உள்ளிடுவது முறை. ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி, ககர எகரமும் ளகரமுமாக உள்ளிடுவோர் பலர். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் சரியான வடிவத்தை இட்டுத் தேடும் வாசகருக்குத் தவறாக உள்ளிட்ட பக்கம் அகப்படாது. திரையில் உள்ளதை ஒலியாக்கித் தரும் திரைபடிப்பான் என்னும் மென்பொருளோ அச்சொல்லை ஐந்தெழுத்துச் சொல்லாகப் பிரித்து 'கெ-ள-ர-வ-ம்' என்றே ஒலிக்கும். எழுத்துகளின் வரிசையிலும் இத்தகைய இடர் உண்டு. ஒருங்குறி எண்களின் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்பதால், தமிழ் நெடுங்கணக்குக்குரிய வரிசை நெறியைத் தனியே புகுத்தாத மென்பொருள் நூலின் சொல்லடைவை முறைபிறழ அடுக்கிவிடும்.

பழைய அச்சு நூல்களின் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர். 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்த ஆணைக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவை காலின்றிச் சுழித்த வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற மேல்வளைவோடும் இருந்தன. புதிய வடிவங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரி இவற்றில் தடுமாறும். ரகரத்தையும் காலையும் மாற்றிக் கொள்வது அதன் மற்றொரு வழு. ஆகவே எழுத்துணரி தந்த உரையைத் தமிழறிந்தவர் மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. சாமிநாதையர் போன்றோர் சுவடிகளை ஒப்புநோக்கியபோது செலுத்திய அதே உழைப்பின் இன்றைய வடிவம் இது. இதற்குரிய மதிப்பையும் ஊதியத்தையும் பல்கலைக்கழகங்களும் அரசும் வழங்க வேண்டும்.

5. மின்னூல் தரும் பேறுகள்

தமிழ் மின்னூலின் வரலாறு வணிகத்தால் தொடங்கியதன்று. தன்னார்வ உழைப்பால் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் விலையின்றி வழங்கினர். தொடக்க காலக் குறியேற்றங்களில் இருந்த அந்நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி அமைக்க முடிந்ததற்குக் காரணம், அக்கோப்புகள் பூட்டின்றித் திறந்திருந்தமையே. 2005இல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் என்னும் மின்நூலகம் தொடங்கப்பட்டது. 2013 முதல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்னும் முயற்சி, படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் ஆசிரியர்கள் மனமுவந்து அளித்த நூல்களைப் பல வடிவங்களில் வெளியிட்டு வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் அரிய அச்சு நூல்களையும் இதழ்களையும் படக்கோப்புகளாகத் திறந்து வைத்துள்ளது.

இவற்றுக்குத் துணையாகத் தமிழ்நாட்டுக்கே உரிய அரிய வழக்கம் ஒன்று உள்ளது. தமிழ்நாடு அரசு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை, மரபுரிமையாளருக்குப் பரிவுத்தொகை அளித்து, நாட்டுடைமையாக்கியுள்ளது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த பின்னரே பொதுவுடைமையாகும் எழுத்துகள் இதனால் முன்னதாகவே யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கத்தக்கனவாகின்றன. மின்னூலாக்குவதற்கும் தடை இல்லாது போகிறது.

மின்னூலால் மிகுந்த பயன் பெறுவோர் பார்வைக் குறையுடையோர். அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்கு ஏற்ற வடிவில் படிகள் ஆக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது; இதே நோக்கில் 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஆனால் சட்டம் திறந்த கதவைப் படக்கோப்பு அடைத்துவிடும். ஒருங்குறி எழுத்தில் அமைந்த நெகிழ்பக்கக் கோப்பு மட்டுமே அவர்களுக்கு நூலாகப் பயன்படும். முதுமையால் கண் மங்கியோர்க்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளும் வசதியும், டொராண்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் தமிழருக்கு அஞ்சற்செலவின்றி நூலைப் பெறும் வாய்ப்பும், அச்சில் தீர்ந்துபோன நூலுக்கு மறுவாழ்வும் மின்னூலால் கிடைப்பவை.

வாசிப்பின் ஆழத்தைப் பொறுத்தவரை அச்சுக்குச் சிறு மேம்பாடு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2018இல் வெளியான பகுப்பாய்வு, செய்தி விளக்க நூல்களை, குறிப்பாகக் கால வரையறைக்குள் படிக்கும்போது, அச்சில் படித்தோரின் புரிதல் மேம்பட்டிருப்பதைக் கண்டது. கதை வகையில் அத்தகைய வேறுபாட்டை அது காணவில்லை. பள்ளிப் பாடநூலை முற்றிலும் திரைக்கு மாற்ற விரைவோர் இதைக் கருத வேண்டும். புதினத்தைக் கைக்கருவியில் படிப்போர் இதற்காக அஞ்ச வேண்டுவதில்லை.

6. உடைமையும் உரிமமும்

அச்சு நூலை வாங்குபவருக்கு அந்நூலில் அடங்கிய எழுத்தின்மேல் பதிப்புரிமை இல்லை. ஆனால் அவர் கையிலுள்ள படி அவருடைய முழு உடைமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 14ஆம் பிரிவு, நூலின் படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையை ஆசிரியருக்கு அளிக்கும்போதே, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட படிகளை அவ்வுரிமையிலிருந்து விலக்குகிறது. ஒருமுறை விற்ற படியின் பிந்தைய பயணத்தில் பதிப்பாளருக்கு அதிகாரம் இல்லை என்பது இதன் பொருள். திருவல்லிக்கேணியின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளும், வாடகை நூல் நிலையங்களும், நண்பர்களிடையே நடக்கும் நூற்பரிமாற்றமும் இந்த விலக்கின்மேல்தான் நிற்கின்றன.

மின்னூல் கடையில் 'வாங்கு' என்னும் பொத்தானை அழுத்துபவர் பெறுவது உடைமையன்று, உரிமம். குறிப்பிட்ட கணக்கின் வழியே, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் படித்துக்கொள்ளும் இசைவு அது. நிபந்தனைகளை மீறாதிருக்கும்படி கோப்பின்மேல் இடப்படும் மறைக்குறிப் பூட்டுக்கு மின்னுரிமை மேலாண்மை என்று பெயர். 2009ஆம் ஆண்டு சூலையில், விற்றவருக்கு உரிய உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் நிறுவனம் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டதெனினும், அச்சு நூலுக்கு ஒருபோதும் நேர முடியாத நிகழ்ச்சி அது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது அதுவரை விற்ற நூல்கள் யாவும் செயலிழந்தன. கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வடம்வழிக் கருவிக்கு மாற்றும் வசதி 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அமேசான் நிறுவனம் 2016 இறுதியில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களுக்கு இடமளித்ததால் தமிழ் எழுத்தாளர் பலர் பயனடைந்துள்ளனர் என்பதும் உண்மையே. அதனாலேயே அந்நூல்கள் ஒரே நிறுவனத்தின் நிபந்தனைகளுக்குள் குவிந்திருப்பது கவலைக்குரியது.

பிற நாடுகளின் சட்டம் இச்சிக்கலில் இரு திசைகளில் செல்கிறது. படித்து முடித்த மின்னூலை மறுவிற்பனை செய்யும் உரிமை வாசகருக்கு இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் டாம் காபினெட் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2016இல், ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்னும் முறையில் நூலகம் மின்னூலை இரவல் தருவது அச்சு நூலை இரவல் தருவதற்கு ஒப்பானதே என்று ஏற்றது. கடை தருவது உரிமமே என்பதை வாங்குபவருக்கு வெளிப்படையாகக் கூற வேண்டும் என்னும் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வேறுபாடு வாசகரின் தனி வசதியோடு நின்றுவிடுவதில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா தனியொருவராக ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் அச்சுப் பொருள்களையும் திரட்டினார்; 1992இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமையச் செய்தது. படிகள் அவர் உடைமையாக இருந்ததால்தான் அவை குடும்பத்தாருக்கு மரபுரிமையாகி, பின் ஒரு நிறுவனத்துக்கு விற்கத்தக்கனவாயின. 1981ஆம் ஆண்டு மே இறுதியில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. எனினும் ஈழத்து நூல்களை மின்வருடித் தொகுக்கும் பணி பின்னாளில் இயன்றது, அவற்றின் வேறு படிகள் தனியார் வீடுகளிலும் பிற நூலகங்களிலும் எஞ்சியிருந்தமையால்தான். உரிமமாக மட்டும் கிடைக்கும் மின்னூலை ஒருவர் ஆயுள் முழுதும் சேர்த்தாலும் அவர் கணக்கு முடியும்போது அச்சேர்க்கையும் முடிந்துவிடும். அத்தகைய நூல்களிலிருந்து இன்னொரு ரோஜா முத்தையா நூலகம் தோன்ற வழியில்லை.

7. நூலகமும் வைப்புச் சட்டமும்

1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம்; சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். அரங்கநாதனின் சிந்தனை அதன் பின்னணியில் உண்டு. சொத்து வரியோடு தண்டப்படும் நூலக வரியால் சிற்றூர் வரை நூல்கள் சென்றன. அச்சு நூலை நூலகம் ஒருமுறை வாங்கினால் அது நைந்துபோகும் வரை இரவல் தரலாம். மின்னூலுக்கு இந்நிலை இல்லை. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் அமெரிக்க நூலகங்களுக்கு விற்ற ஒவ்வொரு மின்னூல் உரிமமும் 26 முறை இரவல் தந்ததும் காலாவதியாகும் என்று விதித்தது. இத்தகைய விதி தமிழ்நாட்டு நூலகங்களுக்கு வந்தால், வரி செலுத்தியோரின் பணம் ஒரே நூலுக்காக மீண்டும் மீண்டும் செலவாகும்.

நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு அச்சு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா பொது நூலகம் உள்ளிட்ட பிற மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும் என்கிறது. அச்சட்டம் நூல் என்பதை அச்சிட்ட பொருளாகவே வரையறுப்பதால், மின்வடிவில் மட்டும் வெளியாகும் நூல் எந்த நூலகத்திலும் வைக்கப்படாமல் போகலாம். செருமனி 2006இலும் பிரித்தானியா 2013இலும் அச்சல்லாத வெளியீடுகளைத் தம் வைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. பிரித்தானிய நூலகம் 2023 அக்டோபரில் கணினித் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் மின்தொகுப்புகள் நெடுநாள் எட்டாமற் போனமை மற்றொரு பாடத்தைத் தருகிறது: மின்னூலையும் ஒரே களஞ்சியத்தில் வைப்பது காப்பாகாது, ஒன்றையொன்று சாராத பல இடங்களில் அதன் படிகள் இருத்தல் வேண்டும்.

8. செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஆசிரியர், பதிப்பாளர், அரசு ஆகிய மூவர்க்கும் உரிய கடமைகள் பெறப்படுகின்றன. ஆசிரியர்கள் தம் மின்னூல் உரிமையின் நிலையை அறிந்திருத்தல் முதற்கடமை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உரிமை மாற்றம் செய்த காலத்தில் இல்லாத ஓர் ஊடகத்துக்கு, அதைப் பெயர் சுட்டிக் குறிப்பிடாத ஒப்பந்தம் செல்லாது. உரிமைக் காலம் குறிக்கப்படாத ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு மட்டுமே உரியது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் மின்னூலைத் தனியே எழுதி, அதற்குரிய காலத்தையும் உரிமைத்தொகையையும் வரையறுத்துக் கொள்வது நன்று. கிண்டிலில் நூலை ஏற்றும்போதே பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஆசிரியருக்கு உண்டு. வேண்டாம் என்று தேர்வோரின் நூலே நெடுநாள் வாழும்.

பதிப்பாளர்கள் பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, பூட்டில்லாத இ-பப் கோப்புகளாகத் தம் தளங்களிலேயே நேரடியாக விற்க முன்வர வேண்டும். திருட்டுப் படிகள் பற்றிய அவர்களின் அச்சம் நியாயமானது. எனினும் அச்சு நூலை மின்வருடிப் படக்கோப்பாகப் பரப்புவோரைப் பூட்டு தடுப்பதில்லை, விலை கொடுத்து வாங்கிய நேர்மையான வாசகரையே அது கட்டுப்படுத்துகிறது. வாங்கியவர் பெயரைக் கோப்பில் பொறித்துத் தரும் முறை இருசாராருக்கும் ஏற்ற இடைவழி.

அரசின் பொறுப்பு இவற்றினும் பெரிது. ஒன்றிய அரசு ஒப்படைப்புச் சட்டத்தில் மின்னூலைச் சேர்க்க வேண்டும். அச்சு நூலுக்கு வரியே இல்லாதிருக்க, மின்னூலுக்கு 18 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி 2018 சூலையில், அச்சுப் பதிப்பும் உடைய நூல்களுக்கு மட்டும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இவ்வேறுபாடு முற்றிலும் நீங்க வேண்டும். தமிழ்நாடு அரசு நூலகங்களுக்கு மின்னூல் வாங்கும்போது, ஒரு படியை ஒரு நேரத்தில் ஒருவருக்குக் காலவரையறையின்றி இரவல் தரும் உரிமையையும், கோப்பைத் தன் வழங்கிகளில் நிலையாக வைத்துக்கொள்ளும் உரிமையையும் கொள்முதல் நிபந்தனையாக்கலாம். தமிழ் நூல்களின் பெரிய கொள்முதலாளர்களுள் ஒருவரான அரசுக்கு அந்த வலிமை உண்டு. நாட்டுடைமையான நூல்கள் அனைத்தையும் படக்கோப்பாக நிறுத்திவிடாமல், பார்வைக் குறையுடையோரும் கேட்டறியும்படி மெய்ப்புப் பார்த்த ஒருங்குறி நூல்களாக வெளியிடுவதைத் தமிழ் இணையக் கல்விக்கழகம், பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளோடு இணைந்து, தொடர்பணியாக மேற்கொள்ளலாம்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தில் இழந்தவற்றுக்கு அக்காலத்தவர் மீது குறை கூற இயலாது. நூல்கள் எங்கே உள்ளன என்பதையே ஊர் ஊராக அலைந்து கண்டறிய வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தனர். இன்றைய தலைமுறைக்கு அத்தகைய சமாதானம் இல்லை. எந்த நூல் எந்த வடிவில் இருக்கிறது, எது எந்த உரிமத்தால் கட்டுண்டிருக்கிறது, அதை விடுவிக்க எந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பன யாவும் தெரிந்திருக்கின்றன. தெரிந்திருந்தும் செய்யாது விட்டால், இக்கால நூல்களைத் தேடிவரும் எதிர்காலப் பதிப்பாசிரியருக்கு ஒப்புநோக்க ஒரு படிகூட அகப்படாது போகலாம். அந்நிலை வாராமல் தடுப்பதற்குரிய அறிவும் கருவியும் பொருள்வளமும் தமிழ்ச் சமூகத்திடம் இப்போதே உள்ளன.